உபயம்: கீழ்க்கணக்குக் கந்தப்பன்

செவ்வந்திமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கந்தப்பனுக்கு ஊரார் இட்ட பெயர் சந்தேகசாமி. தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சின் அறையில் அவருக்கு வேலை. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சூடேறினாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். வந்து நின்றதும் அவர் கேட்கும் முதற்கேள்வி, யார் தொட்டது என்பதாகவே இருக்கும். எங்கே பழுது என்பது அதற்கு அப்புறம். வழியில் எவரேனும் வலிய வந்து வணக்கம் சொன்னால், அந்த வணக்கத்தின் பின்னால் என்ன வருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். இப்படி மனிதர் எல்லாரையும் நிறுத்துப் பார்த்தவர், தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் மட்டும் கண்மூடிக் கைகூப்பி நின்றார். அங்கே அவருக்குக் கேள்வியே எழுந்ததில்லை.

அவருடைய முகம் எந்தப் புகைப்படத்திலும் அகப்படாது. கலியாண வீடோ கருமாதியோ, கமரா தலைகாட்டியவுடன் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விடுவார். "மாமா, இங்கிட்டுப் பாருங்க" என்று கூப்பிடும் பெண்பிள்ளைகளிடம், "பாத்தா மட்டும் அழகு கூடிரப் போகுதாக்கும்" என்று சொல்லி நழுவுவார். அதற்குக் காரணம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், இளைஞராய் இருந்த காலத்தில், அவருக்கு வானொலிப் பைத்தியம். கடலுக்கு அப்பாலிருந்து வரும் பாட்டுகளைக் கேட்பதற்காக தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரத்தின் உச்சிவரை கம்பி ஏற்றி அன்டெனா கட்டினார். அதனடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்று படமும் எடுத்துக்கொண்டார். பிறகொருநாள் கொழும்புக்குப் போய், செப்புக் கம்பிச் சுருளும் சில உதிரிப் பாகங்களும் வாங்கித் திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். போர்க்காலம், தமிழன் பையில் கம்பிச் சுருள். ஆயினும் கம்பிக்கு அவர் சொன்ன விளக்கத்தை அவர்கள் ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள். சட்டைப்பையிலிருந்து வெளிவந்த அந்தப் படந்தான் வினையாயிற்று. இவ்வளவு உயரத்துக்குக் கம்பி கட்டி யாரோடு பேசுகிறாய் என்ற ஒரே கேள்வியைப் பல நாள், பல பேர், பல விதமாய்க் கேட்டார்கள். தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையே நேரில் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் வீடு திரும்ப முடிந்தது. வந்ததும் மரத்திலிருந்த கம்பியை இறக்கினார். வீட்டிலிருந்த படங்களை அடுப்பில் இட்டார். பொருளைக் கண்டவன் பொருளைத்தான் காண்கிறான், படத்தைக் கண்டவன் தனக்கு வேண்டியதைக் காண்கிறான் என்பது அன்றுமுதல் அவர் கொண்ட முடிவு.

கீழ்க்கணக்கு லயங்களுக்கு அக்காலத்தில் மின்சாரம் இல்லை. தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போன மின்கம்பிகள் அங்கேயே நின்றுவிட்டன. மருந்துப் போத்தலில் திரியிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிய குப்பி விளக்குகளே கீழ்க்கணக்கின் வெளிச்சம். ஒரு மாரிகாலத்து மாலையில், தகரக் கூரையின் இடுக்கு வழியே வீசிய காற்று அப்படியொரு விளக்கைக் கவிழ்த்துவிட்டது. அவர் மனைவி அம்மாக்கண்ணு, பாயில் உறங்கிய குழந்தையின் பக்கம் ஓடிய நெருப்பைத் தன் வலக்கையாலேயே அடித்து அணைத்தாள். குழந்தை தப்பியது. அவள் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் போயிற்று. ஆறிய பின் அதே கையால் கொழுந்து பறிக்கப் போனாள். கந்தப்பன் வேலைமுடிந்த மாலைகளில், லயத்துக்கு மேலே விழும் ஓடையின் கரையில் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையின் பின்புறம், கொழுந்து வாட்டும் விசிறியிலிருந்து கழற்றி எறியப்பட்ட பழைய மோட்டார் ஒன்று துருவேறிக் கிடந்தது. அதைச் சுமந்து வந்து ஓடைக்கரையில் வைத்தார். வண்டிச் சில்லொன்றின் விளிம்பைச் சுற்றிலும் சோற்றுக் கரண்டிகளை வளைத்து ஒட்டினார். மேலே சிறு அணை கட்டிக் குழாய் வழியே இறக்கிய தண்ணீர், அந்தக் கரண்டிகளில் அறைந்து சில்லைச் சுழற்றியது. சில்லு மோட்டாரைச் சுழற்ற, அதிலிருந்து மின்சாரம் பிறந்தது. அண்டை அயலெல்லாம் கரண்டி இரவல் கொடுத்திருந்த காரியம் அது. சோறு அள்ள வேண்டியது தண்ணீர் அள்ளப் போய்விட்டது என்றும், இனிமேல் தண்ணீர் வந்து சோறு போடட்டும் என்றும் அம்மாக்கண்ணு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். முதல் மின்குமிழ் எரிந்த அன்று அவள்தான் வீட்டுக் குப்பி விளக்கைக் கொண்டுபோய்க் கழிவுநீர்க் கானில் எறிந்தாள்.

மறுநாள் பெரிய துரை ஓடைவரை நடந்து வந்தார். சிங்களவரானாலும் முன்பு சோதனைச்சாவடிச் சிக்கலில் கந்தப்பனை மீட்டவர் அவரே. மோட்டாரைப் பார்த்தவுடன் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தான் எதையும் பார்க்கவில்லை என்றார். ஆனால் இந்தத் தண்ணீரும் இரும்பும் நிலமும் கொழும்பிலிருக்கும் கம்பனிக்குச் சொந்தம், கொழும்பு பார்த்துவிட்டால் தன் கையாலேயே இதைக் கழற்ற வேண்டிவரும் என்றும் சொல்லிப் போனார். அன்றுமுதல் கீழ்க்கணக்கின் வெளிச்சம், யாரும் பார்க்காதவரைக்கும் எரியும் வெளிச்சமாயிற்று. கந்தப்பன் அந்தச் சில்லின்மேல் எப்போதும் ஒரு படங்குச் சாக்கைப் போர்த்தி வைத்தார்.

இது இப்படியிருக்க, மஸ்கெலியாப் பட்டணத்தில் அழகுமுத்து என்பவர் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அக்கடையின் பின்னறையில் சிலர் கூடுவார்கள். பழைய வானொலிகளை உயிர்ப்பிப்பது, மின்கலத்தில் எரியும் விளக்குகள் செய்வது என்று அவர்களுக்கு ஓயாத வேலை. வெளியே மின்னியல் ஆர்வலர் வட்டம் என்று பலகை மாட்டியிருந்தாலும் அவர்தம் வீட்டுப் பெண்கள் வைத்த பெயர் வயர் செட்டு. கந்தப்பனும் லொறி ஓட்டும் இராமையாவும் ஆதிமுதல் உறுப்பினர்கள். பின்னால் வந்து சேர்ந்தவர் உமாசுதன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியர். வேலைக்கு வந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க இடம் தேடியவருக்கு அந்தப் பின்னறை கிடைத்தது. கந்தப்பனுக்கோ, சொந்த ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த ஒருவர் ஏன் தங்கள் கம்பிகளை இத்தனை ஆசையோடு பார்க்கிறார் என்பது விளங்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் உமாசுதன் ஒரு யோசனை சொன்னார். அழகுமுத்துவின் கடைக் கணினியில் இணைய இணைப்பு வந்திருந்தது. பேஸ்புக்கில் வட்டத்துக்கென்று ஒரு பக்கம் திறந்து, செய்கிற வேலைகளைப் படமெடுத்துப் போடலாம் என்றார். கந்தப்பனின் சில்லில் ஒரு குறை இருந்தது. ஒரு வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தினால் அடுத்த வீட்டில் மின்குமிழ் பளீரென்று எரிந்து கருகிவிடும். அதனால் எதைப் போடுவதானாலும் நிறுத்துவதானாலும் லயத்துக்காரர்கள் முன்கூட்டியே கூவிச் சொல்வது வழக்கமாகியிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி அறிந்தவர்கள் எங்கோ இருக்கக்கூடும் என்பது ஆசிரியரின் வாதம்.

"வோல்ட் ஏறி இறங்கிறதுக்கு நாங்கள் நாலு பேர் மண்டையை உடைக்கிறம். பண்டாரவளையிலையும் கண்டியிலையும் இதே வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம். ஒரு படத்தைப் போட்டுக் கேட்டால் நாளைக்கே மறுமொழி வரும், கந்தப்பண்ணை."

"வரும்னு எனக்கும் தெரியும் சார். மொதல்ல கொழும்புலேருந்துதான் வரும்."

உமாசுதன் சிரித்தார். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும், சுவர் கூரைவரை எட்டாது என்று கந்தப்பனே சொல்வதுண்டு. இதுவும் ஒரு பெரிய லயந்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கந்தப்பன் கையிலிருந்த ஈயப்பற்றுக் கோலைக் கீழே வைத்தார்.

"லயத்துல செவுத்துக்கு அந்தாண்ட யாரு இருக்கான்னு நமக்குத் தெரியும் சார். நம்ம பேசுனா அவனுக்குக் கேக்கும், அவன் இருமுனா நமக்குக் கேக்கும். இதுல அந்தாண்ட யாரு இருக்கா?"

இராமையா முந்திக்கொண்டு, "எம்பொண்டாட்டி இருந்தான்னா நான் செத்தேன்" என்றார். பின்னறை முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் கந்தப்பன் ஒருவரே.

அடுத்த வாரம் உமாசுதன் ஓடைப்பக்கம் உலாவப் போனதாகவும், கையில் கமராக் கைபேசி இருந்ததாகவும் கொழுந்து பறிக்கும் பெண்கள் சொன்னார்கள். கந்தப்பன் படங்கின்மேல் இன்னொரு படங்கு போர்த்தினார். ஓடைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் முள்வெட்டிப் போட்டார். அப்படியும் மனம் ஆறாமல், வட்டத்து உறுப்பினர் அனைவரையும் தோட்டத்துக் கோயிலுக்கு அழைத்தார். அம்மன் முன்னிலையில் கற்பூரம் ஏற்றி, சில்லின் படத்தை எவர் கண்ணுக்கும் காட்டுவதில்லை என்று ஒவ்வொருவரும் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். தோட்டத்தில் கற்பூரச் சத்தியத்தை மீறி வாழ்ந்தவர் இல்லை என்பது நம்பிக்கை. உமாசுதனுக்கு அந்த வழக்கம் புதிது. தன்னை உத்தேசித்தே இந்த ஏற்பாடு என்பதும் அவருக்கு விளங்காமலில்லை. என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பேஸ்புக் பக்கத்தின் பேச்சு அத்துடன் நின்றது.

சித்திரை பிறந்து அம்மன் திருவிழா வந்தது. அந்த ஆண்டு தம் வேண்டுதலாகக் கோயில் மண்டபத்துக்குக் குழல்விளக்குகள் கட்டித்தருவதாகக் கந்தப்பன் நேர்ந்திருந்தார். அம்மாக்கண்ணுவின் கை பிழைத்ததற்கும் பிள்ளை பிழைத்ததற்கும் அம்மனுக்குச் செலுத்த வேண்டிய கடப்பாடு. ஓடையிலிருந்து கோயில்வரை அவரே கம்பி இழுத்தார். விளக்குகளை மாட்டுவதற்கு முன், பட்டணத்திலிருந்து வந்த ஓவியர் தூரிகையை நீலச் சாயத்தில் தோய்த்துக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். கோயிலுக்கு விளக்குக் கொடுப்பவர் பெயரை அந்த விளக்கின்மீதே எழுதுவது தொன்றுதொட்ட முறை. எழுதாவிட்டால் உபயம் செய்தவர் யாரென்று அம்மன் எப்படி அறிவாள்? கந்தப்பன் தயங்கவேயில்லை. தாமே சொற்களைச் சொல்லி, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே ஒவ்வொரு குழல்விளக்கிலும், "உபயம்: கீழ்க்கணக்கு கந்தப்பன் - அம்மாக்கண்ணு குடும்பம். ஓடைச் சில்லு வெளிச்சம்" என்று நீல எழுத்துகள் பதிந்தன. அந்திப் பூசையில் விளக்குகள் எரிந்தபோது, எழுத்துகளும் சேர்ந்தே ஒளிர்ந்தன. அம்மன் அவற்றை வாசித்தாள் என்றே கந்தப்பன் நம்பினார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

திருவிழா முடிந்து சில வாரங்கள் சென்றன. போர் முடிந்ததாக வானொலி சொல்லிய மாதம் அது. ஒருநாள் காலை, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், பெரிய துரை அழைப்பதாகக் கந்தப்பனுக்கு ஆள் வந்தது. துரையின் முகத்தில் பழைய கனிவு இல்லை. ஓடைச் சில்லு கொழும்புக்குத் தெரிந்துவிட்டது என்றார். எவனோ இணையத்தில் படம் போட்டிருக்கிறான்; தலைமை அலுவலகத்தில் பார்த்துவிட்டார்கள்; நேரில் பார்க்க வருகிறார்கள்; இனித் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிரித்தார்.

கந்தப்பன் இஞ்சின் அறைக்குத் திரும்பவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி மஸ்கெலியா போனார். பள்ளிக்கூட விடுமுறை நாளாகையால் உமாசுதன் அழகுமுத்துவின் கடையிலேயே இருந்தார். இராமையாவும் லொறியை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார். கந்தப்பன் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"கற்பூரம் கை சுட்டது ஆறுறதுக்குள்ள அனுப்பிட்டீங்களே சார்."

உமாசுதனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துப் போயிற்று. கந்தப்பன் நிறுத்தவில்லை. முள்வெட்டிப் போட்டதையும், கமராவோடு உலாவியதையும், ஊர்விட்டு ஊர் வந்தவரை நம்பிய தம் மடமையையும் அடுக்கிக்கொண்டே போனார். அழகுமுத்து குறுக்கே பேசாமல் கணினியில் எதையோ தேடினார். தேடியது கிடைத்ததும், திரையைக் கந்தப்பனின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

படத்தில் சில்லு இல்லை, ஓடையும் இல்லை. அந்தி நேரத்து மாரியம்மன் கோயில் இருந்தது. மண்டபத்தின் குறுக்கே பளிச்சென்று குழல்விளக்கு எரிந்தது. அதன்மேல் நீலத்தில், பெரிய எழுத்தில், எட்ட நின்றும் வாசிக்கக் கூடியதாய் அவருடைய பெயரும், மனைவியின் பெயரும், வெளிச்சம் வந்த வழியும் இருந்தன. போட்டவன் வினோஜன், அம்மாக்கண்ணுவின் தங்கை மகன். கொழும்பில் துணிக்கடையில் வேலை; திருவிழாவுக்கு வந்து போனவன். எங்கள் பெரியப்பா தண்ணீரில் எடுத்த கரண்ட் என்று படத்தின் கீழே பெருமையோடு எழுதியிருந்தான்.

"திருட்டு மோட்டாருக்கு ஒலகத்துல எவனும் பேரு எழுதி மாட்டுனதில்லண்ணே" என்றார் இராமையா. "அதுவும் ஊரு பேரோட."

கந்தப்பன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அம்மனுக்கு எழுதியது என்று மட்டும் மெல்லச் சொன்னார். உமாசுதன் தம் குடையை எடுத்துக்கொண்டார். "நான் சத்தியத்தைக் காப்பாத்தினனான், கந்தப்பண்ணை. வேறை சொல்ல ஒண்டுமில்லை" என்று கூறி, அவரைக் கடந்து படியிறங்கிப் போய்விட்டார்.

வீடு வந்த கந்தப்பன், கொழும்பு வருவதற்குள் மோட்டாரைக் கழற்றி மறைத்துவிடலாம் என்று கருவிகள் வைத்த ஆயுதப்பெட்டியைத் தூக்கினார். அம்மாக்கண்ணு வாசலை மறித்தாள்.

"கழட்டி ஒளிச்சா திருடுனோம்னு ஆயிரும். சுத்துறது சுத்தட்டுங்க. வர்றவங்க பாக்கட்டும். என்னா சொல்றாங்கன்னு நானும் பாக்குறேன்."

வந்தவர்கள் கண்டிக்கவில்லை, அதுதான் வியப்பு. பளபளக்கும் சப்பாத்துகளோடு ஓடைக்கரை ஏறி, சில்லைச் சுற்றி வந்து, அற்புதம் அற்புதம் என்றார்கள். அம்மாக்கண்ணுவைக் கொழுந்துக் கூடையோடு வந்து சில்லுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சட்டைக் கையை இழுத்து வடுவை மறைக்கச் சொன்னார்கள். கந்தப்பனின் உடுப்பில் எண்ணெய்க் கறை இருந்ததால், படங்கை மட்டும் விலக்கிவிட்டு அப்பால் நிற்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். போகுமுன் மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்றை ஓடைக்கரையில் நாட்டினார்கள். தொழிலாளர் நலனுக்காக நிறுவனம் வழங்கிய அன்பளிப்பு என்றது அப்பலகை. கீழ்க்கணக்கு மக்கள் மனம் குளிர்ந்தார்கள். எப்படியோ லைட்டு நிலைத்துவிட்டது, பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன என்றார்கள். கந்தப்பனுக்கு அந்தப் பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கால் தடுக்கிற்று.

பலகை நட்ட சில நாளில் நிலம் அளக்கும் அளவுக்காரர் ஒருவர் வந்தார். ஓடையிலிருந்து மேலே, சுற்றுலாக்காரருக்கென்று புதுப்பிக்கப்படும் விருந்தினர் பங்களாவை நோக்கி, வரிசையாய்ச் சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டு போனார். அருவித் தண்ணீரில் எரியும் விளக்கு வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று கம்பனி நினைப்பதாகத் தொழிற்சாலைக் கிளாக்கர் சொன்னார். ஓடையில் இருந்த தண்ணீர் ஓர் இடத்துக்குத்தான் போதும். அது எல்லாருக்கும் தெரியும்.

"அவங்க குடுத்ததுன்னு எழுதி நட்டுட்டாங்க" என்றார் கந்தப்பன் மனைவியிடம். "குடுத்தவங்களே எடுத்துக்கிட்டா யாருகிட்டப் போயி நிக்கிறது? நம்ம செஞ்சதுன்னு சொல்ல, சில்லு செஞ்சப்ப எடுத்த ஒரு துண்டுப் படம் இருக்கா நம்மகிட்ட? அத்தனையையும் நாந்தானே தடுத்தேன்."

"அப்ப நீங்களும் எழுதுங்க. பேரு எழுதத் தெரியாத ஆளா நீங்க" என்றாள் அவள். குத்தலாய்ச் சொன்னாளா, கருணையாய்ச் சொன்னாளா என்று அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறன்று அவர் முதலில் போனது உமாசுதனின் வாடகை அறைக்கு. ஆசிரியர் துணி துவைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கந்தப்பனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. வந்த காரியத்தை நின்றபடியே சொன்னார். பலகையையும், முளைக்குச்சிகளையும், பங்களாவையும் சொன்னார். பக்கம் திறக்க வேண்டும், உடனே திறக்க வேண்டும், வாங்கிய கற்பூரச் சத்தியத்தை அம்மனிடம் சொல்லித் தாமே திருப்பிக்கொண்டாயிற்று என்றார்.

"என்னைச் சந்தேகப்பட்டனியள்" என்றார் உமாசுதன், சட்டையைப் பிழிந்தபடி.

"இப்பவும் சந்தேகந்தான் சார். ஆனா ஒங்க மேல இல்ல."

ஆசிரியர் பிழிந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கூடவே புறப்பட்டார்.

அழகுமுத்துவின் கடையில் பக்கம் திறப்பதற்குள் இன்னொரு வழக்கு எழுந்தது. கடவுச்சொல்லை யார் வைத்துக்கொள்வது? அந்நாளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குத் திறந்து கொடுப்பவர் அழகுமுத்துவே. கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். மறந்தவர்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். கந்தப்பன் அதற்கு இசையவில்லை. ஒருவன் கையில் திறப்பு இருந்தால் அவன் நினைத்த நாளில் பூட்டிவிடுவான் என்றார். முடிவில் கடவுச்சொல்லை நால்வரும் பங்கிட்டுக்கொள்வது என்றாயிற்று. ஒருவர் தம் பங்கை அடிக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கந்தப்பனின் முறை வந்தபோது, கடையின் கண்ணாடிப் பெட்டியில் விசைப்பலகையின் நிழல் தெரிகிறது என்று அதன்மேல் ஒரு துணியைப் போடச் செய்தார்.

"ஒரு பக்கம் தொறக்க இவ்வளவு பாடா?" என்றார் இராமையா, சுவரிடம். "கல்யாணத்துக்கு இவ்வளவு யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேனே."

முந்தின நாள் இராமையா கைபேசியில் எடுத்து வந்த படங்களைப் போட்டார்கள். கரண்டிகள் ஒட்டிய சில்லு, மோட்டாரின் மூடியைத் திறந்து காட்டும் கந்தப்பன், கையின் வடு தெரிய நிற்கும் அம்மாக்கண்ணு. எழுத வேண்டியதைக் கந்தப்பன் சொல்ல, உமாசுதன் எழுதினார். இது எந்த ஆண்டில், யாரால், எதன் பொருட்டுச் செய்யப்பட்டது. கழித்துப் போட்ட மோட்டார் எங்கே கிடந்தது. யார் யார் கரண்டி கொடுத்தார்கள். இப்போது குச்சிகள் எந்தப் பக்கம் போகின்றன. மோட்டார் கதையை விட்டுவிடலாமே என்று அழகுமுத்து சொன்னதற்குக் கந்தப்பன் உடன்படவில்லை. அதை மற்றவன் சொன்னால் களவு, தாமே சொன்னால் வரலாறு என்றார்.

சிறிது நேரத்தில் யாருக்கோ அது பிடித்திருப்பதாகத் திரை காட்டியது. முகமில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூ இருந்தது. பெயரும் பூவின் பெயரே. கந்தப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எதுக்குப் பிடிச்சிருக்காம்?"

"சும்மா பிடிச்சிருக்கும்ணே" என்றார் அழகுமுத்து.

"சும்மா யாருக்கு எது பிடிக்கும்? எந்த ஊருன்னு கேளு."

அந்தப் பூ ஊரைச் சொல்லவில்லை. கம்பனியின் பெயர் என்ன, பலகையின் படம் கிடைக்குமா என்று திருப்பிக் கேட்டது. கொடுக்கலாமா கூடாதா என்று நால்வரும் நெடுநேரம் வாதிட்டுக் கடைசியில் கொடுத்தார்கள். அடுத்து வந்த நாட்களில் அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. முகம் தெரியாத பலர், கம்பனியின் பக்கத்துக்கே போய், கரண்டிகளும் உங்கள் அன்பளிப்பா என்று கேட்டார்கள். பண்டாரவளையிலிருந்து ஒருவர், மின்னழுத்தம் ஏறி இறங்காமலிருக்க ஒரு மின்சுற்றின் வரைபடத்தையும் அனுப்பினார். அதை உமாசுதனும் கந்தப்பனும் சேர்ந்து இரண்டு ஞாயிறு உட்கார்ந்து செய்து முடித்தார்கள். கீழ்க்கணக்கில் கூவிச் சொல்லும் வழக்கம் நின்றது.

அதற்கப்புறம் ஒரு காலையில் அளவுக்காரர் வந்து, அடித்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக் கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார். காரணம் கேட்டதற்குத் தனக்குத் தெரியாது என்றார். பெரிய துரையும் ஒன்றும் சொல்லவில்லை. பங்களாவுக்கு வேறு வழியில் மின்சாரம் வரும் என்று கிளாக்கர் மட்டும் சொன்னார். செய்தி கேட்டு உமாசுதன் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். ஓடைக்கரையில் நின்று, இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி, வெளிச்சம் தப்பிவிட்டது, இனியாவது மனம் ஆறுங்கள் என்றார்.

கந்தப்பன் குச்சிகள் பிடுங்கிய குழிகளை ஒவ்வொன்றாய்க் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் தப்பிச்சிருச்சு சார், சரி" என்றார். "ஆனா அந்தப் பூ யாருன்னு நமக்கு இன்னும் தெரியலயே."